மழையில் வீடு இடிந்தால் அரசு என்ன தரும், அதைக் கேட்க இப்போதே என்ன எடுத்து வைக்க வேண்டும்

புயல் என்றால் அது கடலூர், நாகப்பட்டினத்துக்காரர்கள் பாடு, மதுரைக்கு என்ன வந்துவிடப் போகிறது என்று நம் பக்கம் இன்னும் பேசுகிறார்கள். 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா, திண்டுக்கல், கொடைக்கானல் வரை மரங்களைச் சாய்த்துக்கொண்டு வந்தது. 2024 அக்டோபர் 25 அன்று புயலே இல்லை, ஒரு மத்தியான மழைதான், அதற்கே மதுரையில் பந்தல்குடி கால்வாய் பொங்கி செல்லூர்ப் பக்கம் வீட்டுக்குள் தண்ணீர் நின்றது.

சரி, வீடு போனால் அரசு தரும் பணம் எது? மாநிலப் பேரிடர் நிவாரண நிதி என்று ஒன்று இருக்கிறது. எதற்கு எவ்வளவு என்று மத்திய உள்துறை அமைச்சகம் விதி போட்டிருக்கிறது. கீழே சொல்வதெல்லாம் 2022-இல் வந்த, 2025-26 வரைக்கான தொகைகள்.

வீடு முழுவதும் இடிந்தால், அல்லது குடியிருக்கவே முடியாத அளவுக்குச் சேதமானால், மண் வீடோ கான்கிரீட் வீடோ, சமவெளியில் 1,20,000 ரூபாய். பகுதிச் சேதம் என்று எழுதிவிட்டால் கான்கிரீட் வீட்டுக்கு 6,500, மண் வீட்டுக்கு 4,000. அதுவும் குறைந்தது 15 சதவீதம் சேதமாகியிருக்க வேண்டும். குடிசைக்கு 8,000. வீட்டை ஒட்டிய மாட்டுக் கொட்டகைக்கு 3,000. 'முழு' என்ற சொல்லுக்கும் 'பகுதி' என்ற சொல்லுக்கும் நடுவில் ஒரு லட்சத்துக்கு மேல் இருக்கிறது பாருங்கள், அந்தச் சொல்லை எழுதுவது நேரில் வந்து பார்க்கிற வருவாய்த்துறை ஆள்தான்.

எங்கள் பெரியம்மா வீட்டில் இதுதான் நடந்தது. ராத்திரி பின்சுவர் மொத்தமும் விழுந்து, உத்தரம் இறங்கி, ஓடெல்லாம் சரிந்து கிடந்தது. பிள்ளைகள் விடியும் முன்னே மண்ணை அள்ளிப் போட்டு, உத்தரத்துக்கு முட்டுக் கொடுத்து, தார்ப்பாய் கட்டிவிட்டார்கள். சாயங்காலம் வி.ஏ.ஓ. வந்தபோது கூட்டிப் பெருக்கிய வீடும் நீலத் தார்ப்பாயும்தான் இருந்தன. பகுதிச் சேதம் என்று எழுதினார். விழுந்தது விழுந்தபடி ஒரு போட்டோ கூட யாரும் எடுக்கவில்லை. எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

அதனால் ஐப்பசி பிறப்பதற்குள் இதைச் செய்துவிடுங்கள். வீட்டின் நான்கு பக்கச் சுவர், கூரை, கொட்டகை எல்லாவற்றையும் இப்போது இருக்கிறபடி போனில் படம் எடுத்து, வெளியூரில் இருக்கிற மகனுக்கோ மகளுக்கோ வாட்ஸ்அப்பில் அனுப்பி வையுங்கள். போன் நனைந்து போனாலும் படம் அவர்களிடம் இருக்கும். பட்டா, வீட்டு வரி ரசீது, ரேஷன் கார்டு, ஆதார், வங்கிப் பாஸ்புக் முதல் பக்கம் இவற்றின் நகலை இரண்டு பிளாஸ்டிக் கவருக்குள் போட்டு, பரண் மேல் வைக்காமல், கையோடு எடுத்துப் போகும் பையில் வையுங்கள். பகுதிச் சேதத்துக்குப் பணம் கேட்டால் வீடு முறையாகக் கட்டியதுதானா என்று பார்ப்பார்கள், வரி ரசீது அங்கே கைகொடுக்கும்.

சேதமான பிறகு, ஆட்களை வெளியேற்றியதும், எதையும் அள்ளுவதற்கு முன் படம் எடுங்கள். அப்புறம் வி.ஏ.ஓ.விடம் எழுத்தில் மனு கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வந்து காத்திருக்காதீர்கள். தாமதமானால் தாலுகா அலுவலகம், அதற்கும் மேலே திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டம்.

வீடு முழுவதும் போனாலோ, இடியாமலே இரண்டு நாளுக்கு மேல் தண்ணீர் தேங்கினாலோ, துணிமணிக்கு 2,500, பாத்திரத்துக்கு 2,500 என்று குடும்பத்துக்குத் தனியாக உண்டு. தண்ணீர் எந்த மட்டம் வரை நின்றது என்று சுவரில் கரிக்கோடு போட்டு, தினமும் ஒரு படம் எடுத்து வைத்தால் நாள் கணக்கில் வாக்குவாதம் வராது.

பசு, எருமை செத்தால் 37,500, உழவு மாட்டுக்கு 32,000, ஆட்டுக்கு 4,000, கோழிக்கு 100. கறவை மாடு என்றால் அதிகபட்சம் மூன்று, ஆடு என்றால் முப்பது. கால்நடை மருத்துவர் வந்து பார்த்துச் சான்று தரும் வரை புதைக்க வேண்டாம். அதைவிட முக்கியம், காற்று வலுக்கும் முன்பே கயிற்றை அவிழ்த்து மேட்டில் கொண்டுபோய் விட்டுவிடுங்கள்.

உயிர் போனால் குடும்பத்துக்கு 4 லட்சம். பிரேதப் பரிசோதனை அறிக்கை இல்லாமல் அது நகராது, அந்த நேரத்து துக்கத்தில் யாராவது ஒருவர் இதை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

மாநில அரசு இதற்கு மேலும் தரலாம். 2024 ஃபெஞ்சல் புயலின்போது உயிரிழப்புக்கு 5 லட்சம், முழுவதும் சேதமான குடிசைக்கு 10,000 என்று அறிவித்தார்கள். அப்போது ரேஷன் கார்டுக்குத் தந்த 2,000 ரூபாய் விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சிக்கு மட்டும்தான். அதனால் செய்தியில் தொகையைப் பார்த்ததும் நம் மாவட்டத்தின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

வைகைக் கரையில் இருப்பவர்களுக்கு ஒன்று. 71 அடி அணையில் 66 அடிக்கு முதல் எச்சரிக்கை, 68.5-க்கு இரண்டாவது, 69-க்கு மூன்றாவது, அதோடு உபரி நீர் திறப்பு. இரண்டாவது எச்சரிக்கை கேட்டதுமே அந்தக் கவர்ப் பையை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077. மின்கம்பி அறுந்து கிடந்தால் கிட்டே போகாமல் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம் 94987 94987-க்குக் கூப்பிடுங்கள்.