மூன்று சதுர மீட்டர் துணிக்கு எங்கிருந்து வருகிறது இவ்வளவு இழுப்பு?

வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்: "மவுண்டன் போர்டு (கரடுமுரடான தரையிலும் ஓடும் சக்கரப் பலகை) ஓட்டிப் பழகிவிட்டேன். ஒவ்வொரு முறையும் சரிவு தேடி அலைவது அலுத்துவிட்டது. பட்டத்தைப் பிடித்துக்கொண்டு சமதளத்திலேயே ஓட்டலாம் என்று யோசனை. என் எடை 72 கிலோ. முதல் பவர் கைட்டை (ஆளை இழுக்கும் பட்டம்) எத்தனை சதுர மீட்டரில் வாங்குவது? ஐந்தாக வாங்கினால் பிற்பாடும் உதவும் என்கிறார்கள். பழையது கிடைத்தால் வாங்கலாமா?"

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்று சதுர மீட்டர், நான்கு கயிறு, குட்டையான வடிவம். அவசரக்காரர்கள் இதோடு கிளம்பலாம். ஆனால் "ஏன் ஐந்து வேண்டாம்?" என்ற கேள்விக்குள் பட்டம் பற்றிய மிக அழகான இயற்பியல் ஒளிந்திருக்கிறது. எனக்கு அதைச் சொல்லாமல் இருக்க முடியாது.

பட்டத்தால் வண்டி இழுப்பது புதிதல்ல. இங்கிலாந்தின் பிரிஸ்டலில் பள்ளி ஆசிரியராக இருந்த ஜார்ஜ் போகாக் 1826-இலேயே பட்டங்கள் இழுக்கும் வண்டிக்குக் காப்புரிமை வாங்கினார். அந்தக் காலத்துச் சுங்கச்சாவடியில் குதிரைக் கணக்கில்தான் கட்டணம். இவர் வண்டியில் குதிரையே கிடையாது, ஆகவே கட்டணமும் கிடையாது! 1903-இல் சாமுவேல் கோடி பட்டம் இழுத்த படகில் ஆங்கிலக் கால்வாயைக் கடந்தார். 1960-களில் டொமினா ஜால்பர்ட், குச்சியே இல்லாமல் முன்விளிம்புத் துவாரங்கள் வழியே காற்று புகுந்து உப்பி நிற்கும் துணி இறக்கையை உருவாக்கினார். இன்று நிலத்தில் பயன்படும் பெரும்பாலான பவர் கைட்கள் அதன் வாரிசுகள்தான். நியூசிலாந்தின் பீட்டர் லின் 1990-ஐ ஒட்டி மூன்று சக்கர வண்டியோடு இதைப் பரவலாக்கினார். அப்புறம் பலகைக்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

சரி, கணக்குக்கு வருவோம். பள்ளியில் படித்ததுதான். இறக்கையின் தூக்குவிசை என்பது காற்றின் அடர்த்தியில் பாதி, வேகத்தின் வர்க்கம், பரப்பு, வடிவத்தைப் பொறுத்த ஒரு குணகம் ஆகியவற்றின் பெருக்கல். அடர்த்தி கனமீட்டருக்கு 1.2 கிலோ. குணகம் 0.8 என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு 6 மீட்டர் காற்றில் மூன்று சதுர மீட்டர் பட்டத்துக்குப் போட்டுப் பார்த்தால் 52 நியூட்டன் வருகிறது. அதாவது ஐந்து கிலோவைக் கையில் தூக்கிப் பிடிக்கும் கனம்.

வெறும் ஐந்து கிலோதானா? அப்படியானால் பவர் கைட் ஆளை இழுத்துத் தள்ளுவதாகச் சொல்வதெல்லாம் கதையா? கதையில்லை. இந்தக் கணக்கு, தலைக்கு மேல் அசையாமல் நிற்கும் பட்டத்துக்கு மட்டும்தான் பொருந்தும். பட்டம் ஓட ஆரம்பித்தால் எல்லாம் மாறிவிடும்.

முதலில் ஒரு கிளைடரை நினைத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் இல்லாத விமானம். ஒரு மீட்டர் கீழே இறங்குவதற்குள் நான்கு மீட்டர் முன்னே போகிறது என்று வைத்துக்கொள்வோம். இந்த நான்கு என்ற எண், அதன் தூக்குவிசைக்கும் பின்னிழு விசைக்கும் உள்ள விகிதமேதான். இப்போது அந்தக் காட்சியை அப்படியே தொண்ணூறு டிகிரி சாய்த்துவிடுங்கள். "கீழே" என்பது காற்று வரும் திசையைப் பார்த்து இருக்கட்டும். புவியீர்ப்பின் வேலையைக் கயிறு செய்யட்டும். கிளைடர் காற்றுக்குள் இறங்குவதும், காற்று வந்து பட்டத்தைக் கடந்து போவதும் இறக்கையைப் பொறுத்தவரை ஒன்றுதான். யார் நகர்கிறார்கள் என்று இறக்கைக்குத் தெரியாது. ஆகவே நொடிக்கு 6 மீட்டர் வேகத்தில் காற்று தன்னைக் கடக்கும்போது, பட்டம் தான் அதே வேகத்தில் "விழுந்துகொண்டிருப்பதாக" நினைத்து, நான்கு மடங்கு வேகத்தில் பக்கவாட்டில் பாயப் பார்க்கிறது. 24 மீட்டர், ஒரு நொடிக்கு! கயிறு இருப்பதால் கீழே விழுந்து முடிவதே இல்லை. விழுந்துகொண்டே இருக்கும் கிளைடர் அது. காற்றில் ஆடும் பட்டத்தை நான் பல வருடம் வேடிக்கை பார்த்திருக்கிறேன். இந்த ஒரு விஷயம் புரிந்த நாளுக்குப் பிறகு அதைப் பழைய கண்ணோடு பார்க்கவே முடியவில்லை.

உச்ச வேகத்தை எட்டுமுன் பெரும்பாலும் ஓடுவதற்கு இடம் தீர்ந்துவிடும். அதனால் மூன்று மடங்கு, அதாவது நொடிக்கு 18 மீட்டர் என்றே எடுத்துக்கொள்வோம். பட்டம் உணரும் காற்று எவ்வளவு? எதிரே வரும் 6, குறுக்கே ஓடும் 18. பிதாகரஸ் சொல்வதுபோல 36-ம் 324-ம் சேர்ந்தால் 360. நிற்கும் பட்டத்துக்கு இதே எண் வெறும் 36. சரியாகப் பத்து மடங்கு. ஐந்து கிலோ இழுப்பு, அதே துணியில், அதே காற்றில், ஒரு கை அசைவில் ஐம்பது கிலோவைத் தாண்டிவிட்டது.

கிளைடரில் பார்த்த அந்தத் தூக்குவிசை–பின்னிழு விசை விகிதத்தை அளக்க ஆய்வகம்கூட வேண்டாம். பட்டத்தைத் தலைக்கு மேல் அசையாமல் நிறுத்தி, கயிறு தரையோடு எத்தனை டிகிரி கோணத்தில் நிற்கிறது என்று பாருங்கள். பட்டத்தின் எடையை விட்டுவிட்டால், அந்தக் கோணத்தின் டேன்ஜென்ட்தான் உங்கள் பட்டத்தின் விகிதம். 76 டிகிரி என்றால் 4. 79 டிகிரி என்றால் 5. கைப்பேசியில் கோணம் காட்டும் செயலி போதும். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை மைதானத்துக்குக் கூட்டிப்போய்ச் செய்ய வைக்கலாம். முக்கோணவியல் எதற்கு என்று பிறகு ஒருவரும் கேட்க மாட்டார்கள்.

இந்தக் குறுக்கோட்டத்தின் ஆற்றலை 1980-இல் அமெரிக்கப் பொறியாளர் மைல்ஸ் லாயிட் சுத்தமாகக் கணக்கிட்டு எழுதினார். பட்டத்தால் மின்சாரம் எடுக்கலாம் என்பது அவர் வாதம். அதன்பின் பல வருடங்கள் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. பிற்பாடு விண்வெளி வீரராக இருந்த வூபோ ஓக்கல்ஸ் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தில் இதைக் கையிலெடுத்தார். கூகுள் ஆதரவில் வளர்ந்த மக்கானி என்ற நிறுவனம் 600 கிலோவாட் பட்டம் வரைக்கும் பறக்கவிட்டு, 2020-இல் மூடப்பட்டது. சந்தையில் லாபம் வரவில்லை என்றால் ஒரு கம்பெனி கடையைக் கட்டுவது நியாயம்தான். ஆனால் இதுபோன்ற ஆய்வைக் கம்பெனிகளிடம் மட்டும் விட்டுவைப்பது சரியா? இருபது வருடம் பொறுமையாகப் பணம் போடுவது அரசுகளின் வேலை என்பது என் கட்சி. இந்தப் புலம்பலை இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

வாசகரின் ஐந்து சதுர மீட்டருக்கு வருவோம். அதே கணக்கில் அந்தப் பட்டம் ஓடும்போது 88 கிலோ இழுக்கும். அவர் எடை 72. நானும் இதே ஆசையில் பெரிதாகத்தான் வாங்கினேன், வளரும் பிள்ளைக்கு ஒரு அளவு கூடுதலாகச் சட்டை எடுப்பதுபோல. இரண்டாம் நாள், பட்டம் என் இடது தோளுக்கு நேரே சாய்ந்து நின்றது. அதைத் தலைக்கு மேல் கொண்டுவர நினைத்துக் கொஞ்சம் அதிகமாக இழுத்துவிட்டேன். அது நடு வழியாகப் பாய்ந்தது. அடுத்து எனக்கு நினைவிருப்பது வாய்க்குள் புல். பத்தடி தூரம் நெஞ்சால் தேய்த்துக்கொண்டு போயிருக்கிறேன். நல்லவேளை, காலில் பலகை இல்லை.

உங்களுக்கு முன்னால், காற்று போகும் பக்கம் ஒரு கால் கோளம் இருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். பட்டம் பறக்க முடிந்த இடம் அவ்வளவுதான். பட்டம்விடுகிறவர்கள் இதை விண்ட் விண்டோ என்பார்கள். அதன் விளிம்பில் பட்டம் சாதுவாக நிற்கும். நடுவில்தான் மேலே சொன்ன கிளைடர் வேலை முழு வீச்சில் நடக்கும். அதற்குப் பவர் ஜோன் என்று பெயர்.

அப்படியானால் இன்னும் சின்னதாக, ஒன்றரை சதுர மீட்டர் வாங்கினால் இன்னும் பாதுகாப்புதானே? அங்கேதான் ஒரு சிக்கல். சின்னப் பட்டம் சின்ன வட்டத்தில் திரும்பும். கைப்பிடியைத் தொட்டாலே சுழன்றுவிடும். நீங்கள் யோசித்து முடிப்பதற்குள் அது தரையில் மோதியிருக்கும். மூன்று சதுர மீட்டர் என்பது, திரும்புவதைக் கண்ணால் தொடர முடிகிற அளவுக்கு நிதானமாகவும், தப்பு செய்தால் நாம் எழுந்து நிற்க முடிகிற அளவுக்குச் சின்னதாகவும் இருக்கிறது.

குட்டை வடிவம் என்றேன் அல்லவா? இறக்கை நீளத்தின் வர்க்கத்தைப் பரப்பால் வகுத்தால் வருவது ஆஸ்பெக்ட் ரேஷியோ. நீண்டு ஒல்லியான பட்டத்தில் இறக்கை நுனியில் வீணாகும் காற்றுச் சுழல் குறைவு. அதனால் விகிதம் கூடும், வேகம் கூடும். பந்தயக்காரர்களுக்கு அது வேண்டும். புதியவருக்கோ அதுவே வினை. காற்று ஒரு நொடி பலமாக வீசி அடங்கினால் அந்தப் பட்டம் பாய்ந்துபோய் உங்கள் தலையைத் தாண்டிவிடும். கயிறு தளரும், துணி சுருங்கி விழும், நடுவில் மறுபடி படாரென்று உப்பும். இந்த எண் 3-ஐ ஒட்டி உள்ள குட்டைப் பட்டம் சோம்பேறி. விளிம்புக்குச் சற்று முன்பே நின்றுவிடும். அந்தச் சோம்பேறித்தனத்துக்குத்தான் நாம் காசு கொடுக்கிறோம்.

நிலத்தில் ஓட்டுகிறவர்களுக்கு இன்னொரு எதிரி, காற்றின் தாறுமாறு. காற்று 6-லிருந்து 9-க்கு ஏறினால் இழுப்பு 2.25 மடங்கு. நம் ஐம்பத்து சொச்சம் கிலோ கிட்டத்தட்ட 120 ஆகிவிடும். அதோடு உயரம் கூடக்கூடக் காற்றும் கூடும். திறந்த வெளியில் உயர விகிதத்தின் ஏழில் ஒரு அடுக்கு என்பது பொதுவான தோராயம். உங்கள் முகத்தில் படும் காற்றைவிட இருபது மீட்டர் கயிற்றின் முனையில் சுமார் 40 சதவீதம் அதிகம் வீசும். விசையில் பார்த்தால் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. முகத்தை நம்பிப் பட்டம் எடுக்காதீர்கள், காற்றுமானியை நம்புங்கள். மரமோ கட்டடமோ காற்று வரும் பக்கம் இருந்தால், அதன் உயரத்தைப்போல் பத்து மடங்கு தூரம் தள்ளிப் போனாலும் சுழல் ஓயாது. மின்கம்பி இருக்கும் வெளியில் பட்டமே எடுக்கக்கூடாது.

நான்கு கயிறு ஏன்? முன்னிரண்டு இழுப்பைத் தாங்கும். பின்னிரண்டு பிரேக், பட்டத்தின் பின்விளிம்பைக் கீழே மடக்கும். மணிக்கட்டில் மாட்டும் சின்ன வார் ஒன்று இந்தப் பிரேக்கோடு இணைந்திருக்கும். பயத்தில் கைப்பிடியை விட்டுவிட்டால் முன்கயிறு முழுக்கத் தளரும், பட்டம் பின்விளிம்பால் மட்டும் தொங்கி, கொடித்துணிபோல் படபடத்து இறங்கும். பயந்தவன் இயல்பாகச் செய்வதே சரியான செயலாக அமைந்துவிடுகிறது. இரண்டு கயிற்றுப் பட்டத்தில் இந்த வசதி இல்லை. பாரை, அதாவது கையில் பிடிக்கும் கம்பியை, முன்னே தள்ளினால் காற்று தாக்கும் கோணம் குறைந்து இழுப்பு இறங்கும் டிபவர் வகையும் உண்டு. தாறுமாறுக் காற்றுக்கு அது நல்லதுதான். ஆனால் அது உங்களை இடுப்பு வாரோடு பட்டத்தில் பிணைத்துவிடுகிறது. அவிழ்க்கும் பூட்டு எங்கே என்று கை தானாகத் தேடிப்போகும் வரை அது இரண்டாம் பட்டமாகவே இருக்கட்டும்.

தண்ணீரில் ஓட்டுகிறவர்கள் 9, 12 சதுர மீட்டர் என்று பேசுவதைக் கேட்டுக் குழம்பவும் வேண்டாம். அவர்கள் பலகையைத் தண்ணீரிலிருந்து கிளப்பியாக வேண்டும். நமக்கோ காற்றடைத்த டயர். ஆளும் பலகையும் சேர்ந்து 80 கிலோ, இறுகிய தரையில் உருளும் தடை அதில் நூற்றுக்கு ஐந்து பங்கு என்று வைத்தால், ஓடிக்கொண்டிருக்க நான்கு கிலோ இழுப்பு போதும். விழுந்தால் வாங்கிக்கொள்வது தரை என்பதையும் மறக்காதீர்கள். தலைக்கவசம், முட்டி, முழங்கை, மணிக்கட்டுக் காப்பு எல்லாம் வேண்டும். முதல் சில நாள் பலகையை வண்டியிலேயே விட்டுவிட்டு, நின்றபடி எட்டு வடிவம் போட்டுப் பழகுங்கள். பட்டத்தைப் பார்க்காமல் ஓட்ட வந்தபிறகு பலகை.

பழையது வாங்கலாமா என்ற கேள்வி பாக்கி. தாராளமாக. துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபின் கயிறுகளை அளந்து பாருங்கள். வருடக்கணக்கில் பாரம் சுமந்த முன்கயிறுகள் நீண்டுவிடும், வேலையில்லாத பிரேக் கயிறுகள் அப்படியே இருக்கும். ஆக, யாரும் தொடாமலே பட்டம் பாதி பிரேக்கில் பறக்கும். மேலே ஏறாமல் பின்னோக்கிச் சரியும். பட்டம் கெட்டுவிட்டது என்று குறைந்த விலைக்குத் தள்ளிவிடுகிறவர்கள் உண்டு. அப்படி ஒன்று கிடைத்தால் வாங்கி, பிரேக் கயிறு நீளும்படி அதைக் கைப்பிடியில் இரண்டு முடிச்சு வெளியே தள்ளிக் கட்டிப் பாருங்கள்.