பக்கவாதம் வந்தவரை வீட்டில் பார்த்துக்கொள்பவர்களுக்கு: முதலில் அந்தத் தோள்பட்டை

டிஸ்சார்ஜ் ஆகி வண்டி வீட்டு வாசலில் நிற்கும். வீட்டு ஆட்கள் இரண்டு பேர் ஓடிவந்து, ஆளுக்கொரு அக்குளில் கைகொடுத்து, "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று அவரைத் தூக்குவார்கள். பாசத்தில் செய்வதுதான். ஆனால் பக்கவாதத்துக்குப் பிறகு மாதக்கணக்கில் படுத்தும் தோள்வலி பலருக்கு இப்படித்தான் ஆரம்பிக்கிறது.

இடுப்பு மூட்டில் எலும்பின் பந்து குழிக்குள் ஆழமாக உட்கார்ந்திருக்கும். தோளில் குழி ஆழமே கிடையாது; பந்தைப் பிடித்து வைத்திருப்பவை சுற்றியுள்ள தசைகளும் ஜவ்வுகளும்தான். பக்கவாதம் வந்த முதல் சில வாரங்களில் அந்தத் தசைகள் ஈரத்துணி மாதிரி தொய்ந்துபோகும். அறுபது கிலோ எடையுள்ள ஒருவருடைய கை மட்டும் ஏறக்குறைய மூன்று கிலோ இருக்கும். அந்த எடை தொங்கத் தொங்க பந்து கீழே இறங்கும். தோள் எலும்பின் நுனிக்குக் கீழே தடவிப் பாருங்கள். ஒரு விரல் பதியும் அளவுக்குப் பள்ளம் தெரிந்தால் மூட்டு இறங்கியிருக்கிறது. அந்த நிலையில் கையைப் பிடித்து இழுத்தால் ஜவ்வு கிழியலாம். வலி வந்துவிட்டால் அவர் கையைத் தொடவே விடமாட்டார். பயிற்சி நின்றுபோகும், மூட்டு இறுகிவிடும். வரவேண்டிய அசைவும் வராமல் போகும்.

அப்படியானால் எப்படி எழுப்புவது? படுத்திருப்பவரின் இரண்டு முழங்காலையும் மடக்குங்கள். நல்ல கையால், செயலிழந்து விழுந்த கையைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, நல்ல பக்கமாக ஒருக்களித்துத் திருப்புங்கள். கால்கள் இரண்டையும் கட்டில் விளிம்புக்கு வெளியே இறக்குங்கள். உங்கள் ஒரு கை அவர் முதுகில், விழுந்த பக்கத் தோள்பட்டை எலும்பின் மேல். மற்றொரு கை இடுப்பில். அவர் நல்ல கையின் முழங்கையை ஊன்றி எழ, நீங்கள் கூடவே தாங்கினால் போதும். எழுந்ததும் ஒரு நிமிடம் உட்காரட்டும். தலைசுற்றல் இருந்தால் அதிலேயே தெரிந்துவிடும்.

நிற்க வைப்பதற்கு முன் அவரைக் கட்டில் விளிம்புக்கு நகர்த்தி, பாதங்கள் முழங்காலுக்குக் கொஞ்சம் பின்னால் தரையில் முழுதாகப் பதிகிற மாதிரி வையுங்கள். நிமிர்ந்தபடியே யாராலும் எழ முடியாது. மூக்கு கால் விரலுக்கு நேராக வரும்வரை முன்னால் குனியச் சொல்லுங்கள். விழுந்த பக்க முழங்கால் மடங்கிவிடாமல் உங்கள் முழங்காலால் தடுத்துக்கொண்டு, இடுப்பில் கட்டிய பெல்ட்டைப் பிடித்துத் தூக்குங்கள். நான்காக மடித்து இறுக்கிக் கட்டிய பழைய வேட்டியும் போதும். உங்கள் கழுத்தைக் கட்டிக்கொள்ள விடாதீர்கள், இரண்டு பேருமே விழுவீர்கள். அவரை மாற்றி உட்காரவைக்கும் நாற்காலி நல்ல பக்கத்தில் இருக்கட்டும். கட்டில் அவர் முழங்கால் உயரம், அதாவது 45 முதல் 50 செ.மீ. இருந்தால் நல்லது. தரையில் பாய் விரித்துப் படுக்க வைத்தால் எழுப்பும் ஒவ்வொரு முறையும் போராட்டம்தான்.

படுக்கையில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்ட வேண்டும், இரவிலும்தான். வால் எலும்பு, குதிகால், இடுப்பின் பக்கவாட்டு எலும்பு ஆகிய இடங்களைத் தினமும் குளிப்பாட்டும்போது பாருங்கள். சிவந்த இடத்தை அழுத்தி எடுத்தும் சிவப்பு மறையவில்லை என்றால் படுக்கைப் புண் தொடங்கிவிட்டது. அங்கே பவுடர் போட்டுத் தேய்க்காதீர்கள். அந்த இடத்தில் எடை விழாமல் படுக்க வையுங்கள். உட்காரும்போது விழுந்த கைக்குக் கீழே தலையணை வேண்டும். கையைத் தாங்கக் கழுத்தில் மாட்டும் துணித்தூளி நடக்கும்போது மட்டும் போதும். நாள் முழுக்கப் போட்டால் முழங்கை மடங்கியபடியே இறுகிவிடும்.

பந்தைக் கொடுத்து "அமுக்கு, அமுக்கு" என்று சொல்லாத வீடு இல்லை. விரல்கள் ஏற்கெனவே உள்பக்கமாக மடங்கத்தான் போகின்றன. அவருக்குத் தேவை விரிக்கும் பயிற்சி. ஜன்னலில் கயிறும் கப்பியும் கட்டி விழுந்த கையைத் தலைக்கு மேல் இழுப்பதும் இறங்கிய தோளுக்குக் கெடுதல். புறா ரத்தம் தேய்ப்பதில் எந்தப் பலனும் இல்லை. சுடவைத்த எண்ணெயும் வெந்நீர்ப் பையும் ஆபத்தானவை. உணர்ச்சி குறைந்த தோலுக்குச் சூடு தெரியாது, கொப்பளித்த பிறகுதான் வீட்டாருக்கே தெரியும். மீட்சி வேகமாக நடப்பது பெரும்பாலும் முதல் மூன்று மாதங்களில். அந்த நாட்கள் இவற்றில் கழியக் கூடாது.

சாப்பாட்டில் எல்லோரும் சோற்றைப் பார்த்துத்தான் பயப்படுகிறார்கள். உண்மையில் அதிகம் புரையேற்றுவது தண்ணீர். ரசம், டீ, காபி எல்லாம் அதே கணக்கு. வேகமாக ஓடும் திரவத்துக்கு ஈடுகொடுத்துத் தொண்டையால் மூட முடியாது. குடித்த பிறகு இருமல் வந்தாலும், குரல் 'களகள'வென ஈரமாக மாறினாலும் வாய்வழி கொடுப்பதை நிறுத்திவிட்டு, விழுங்கும் திறனைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். சிலருக்கு இருமலே வராமல் நுரையீரலுக்குள் போகும். காரணம் தெரியாத காய்ச்சலும் சளியும்தான் அதற்கு அடையாளம்.

வாய்வழி கொடுக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தால் நேராக உட்காரவைத்து, தாடையைச் சற்றுத் தாழ்த்தி, டீஸ்பூனில் பாதி அளவு, நல்ல பக்கக் கன்னத்தில் கொடுங்கள். குழைய வடித்து மசித்த சாதமும் கெட்டித் தயிரும் சரி. தண்ணியான ரசத்தில் பருக்கை மிதக்கிற சாதம் கூடாது, நீர் முன்னால் ஓடிவிடும். முடிந்ததும் விழுந்த பக்கக் கன்னத்தில் மிச்சம் ஒதுங்கியிருக்கிறதா என்று பார்த்து எடுத்துவிட்டு, அரை மணி நேரம் உட்காரவைத்திருங்கள். காலையும் இரவும் பல் துலக்கி விடுங்கள், மூக்குக் குழாய் வழியாகச் சாப்பிடுபவருக்கும்கூட. வாயில் பெருகும் கிருமி எச்சிலோடு நுரையீரலுக்குப் போவதாலும் நிமோனியா வருகிறது. குழாயில் கஞ்சி விடும்போது தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி உயர்ந்திருக்க வேண்டும். சிரிஞ்சை வைத்து அழுத்தாமல் தானாக இறங்கவிடுங்கள். குழாய் நழுவியிருந்தால் நீங்களே உள்ளே தள்ளாதீர்கள்.

சட்டை போடும்போது விழுந்த கை முதலில். கழற்றும்போது அது கடைசியில். இதை அவரே செய்ய இருபது நிமிடம் ஆகலாம். அவசரத்தில் நீங்கள் மாட்டிவிட்டால் அன்றைய பயிற்சியில் ஒன்று போய்விடும்.

பேச்சு வராதவருக்குப் பெரும்பாலும் அறிவு அப்படியேதான் இருக்கிறது. சொல் மட்டும் அகப்படவில்லை. ஒரு நேரத்தில் ஒரே கேள்வி, 'ஆமாம்' 'இல்லை' என்று தலையாட்டக்கூடிய கேள்வி கேட்டுவிட்டுப் பத்து விநாடி காத்திருங்கள். டிவியை அணைத்துவிடுங்கள். பேச முடியாதவர் ஒன்றிலிருந்து பத்துவரை சரளமாக எண்ணுவதையும் சாமிப் பாட்டின் வரியைப் பாடுவதையும் பார்த்து, "நடிக்கிறார்" என்று யாரும் சொல்லக் கூடாது. பழகிப்போன சொற்கள் மூளையில் வேறு வழியாக வருகின்றன.

பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. பயிற்சிக்கு வரமாட்டேன் என்று சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுப்பதைப் பிடிவாதம் என்று நினைக்காதீர்கள். டாக்டரிடம் சொன்னால் மருந்து உண்டு. பார்த்துக்கொள்பவருக்கும் உடம்பு உண்டு. பெரும்பாலும் மனைவியோ மருமகளோதான் இரவெல்லாம் விழிக்கிறார். இரவு முறையை எழுதிச் சுவரில் ஒட்டுங்கள், மகன்கள் பெயரும் அதில் இருக்கட்டும். தமிழ்நாட்டில் இருந்தால் 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தருகிறார்கள். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். மனம் தாங்கவில்லை என்றால் 14416 எண்ணில் டெலி மானஸ் என்ற மனநலத் தொலைபேசிச் சேவை இருக்கிறது.

மாத்திரை விஷயத்தில் ஒன்று. "பிரஷர் நார்மல் ஆயிடுச்சு" என்று நிறுத்துபவர்கள் அதிகம். மாத்திரையால்தான் அது நார்மலாக இருக்கிறது. திரும்பவும் வாய் கோணினாலோ, கை கால் தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். கடைசியாக அவர் சரியாக இருந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு 108ஐ அழையுங்கள். வாயில் தண்ணீரோ ஆஸ்பிரினோ கொடுக்காதீர்கள். ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள்தான் போடுவார்கள். அதனால் சிடி ஸ்கேன் வசதியுள்ள ஆஸ்பத்திரிக்கு நேராகப் போங்கள். பழைய டிஸ்சார்ஜ் சம்மரியும் மாத்திரைச் சீட்டும் ஒரே கவரில், வாசல் பக்கம் தொங்கட்டும்.