அலி – டைசன் வாக்குவாதமும் நம் பிள்ளைகளின் தலையும்

1966-ஆம் வருடத்து முகமது அலியும் 1988-ஆம் வருடத்து மைக் டைசனும் மோதியிருந்தால் யார் ஜெயித்திருப்பார்கள்? தலைவலி என்று என்னிடம் வரும் ஜிம் பையன்கள்கூட இந்தக் கேள்வியைக் கேட்காமல் எழுந்து போவதில்லை. வேலூரில் தலைக்காயம் பார்க்கும் நரம்பியல் மருத்துவன் நான். குத்துச்சண்டை என்றால் உயிர். அதனால் பதிலும் சொல்லிவிடுவேன்.

என் கட்சி அலி. அவர் உயரம் 6 அடி 3 அங்குலம், கைவீச்சு (இரு கையையும் விரித்தால் விரல் நுனிக்கு நுனி) 78 அங்குலம். டைசன் 5 அடி 10, கைவீச்சு 71. ஏழு அங்குல இடைவெளியைத் தாண்டி உள்ளே போனால்தான் டைசனுக்குச் சண்டை. முதல் மூன்று நான்கு ரவுண்டு அலிக்குப் பெரிய கண்டம்தான். மைக்கேல் ஸ்பிங்க்ஸை 91 வினாடியில் முடித்த ஆள் எதிரே நிற்கிறார். அதைத் தாண்டிவிட்டால் ஆட்டம் அலி பக்கம். 1990-ல் டோக்கியோவில் பஸ்டர் டக்ளஸ் நீளக் கையால் ஜாப் (முன்கையை நேராக நீட்டிக் குத்தும் குத்து) போட்டே டைசனைக் களைப்பாக்கி, பத்தாவது ரவுண்டில் சாய்த்ததைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

ஆனால் எத்தனை ரவுண்டு சண்டை என்று யாரும் கேட்பதில்லை. அலி காலத்தில் பட்டச் சண்டை 15 ரவுண்டு. 1982 நவம்பரில் லாஸ் வேகஸில் ரே மன்சினியுடன் மோதிய கொரிய வீரர் கிம் டுக்-கூ பதினான்காவது ரவுண்டில் விழுந்து, மூளையில் ரத்தம் கட்டி, சில நாளில் இறந்துபோனார். அதற்குப் பிறகுதான் 15 படிப்படியாக 12 ஆனது. டைசன் பட்டம் வென்றது 12 ரவுண்டுக் கணக்கில். யாருடைய விதிப்படி மோதவிடுவது என்று முடிவு செய்யாமல் பேச ஆரம்பித்தால் பேச்சு முடியவே முடியாது.

கணிப்பொறியிடமே கேட்டுப் பார்த்தவர்கள் உண்டு. 1969-ல் அலியையும், தோல்வியே காணாமல் 49 சண்டை ஜெயித்து ஓய்வுபெற்ற ராக்கி மார்சியானோவையும் வைத்துப் படம் பிடித்து, கணிப்பொறி சொன்ன முடிவு என்று மறு வருடம் திரையரங்குகளில் காட்டினார்கள். அமெரிக்காவில் மார்சியானோ ஜெயித்தார். ஐரோப்பாவில் காட்டிய பிரதியில் அலி ஜெயித்தார்! எங்கள் ஊர் பளுதூக்கும் ஊர். சத்துவாச்சாரி சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வாங்கினார். ஐம்பது வருடம் கழித்து இன்னொருவரோடு ஒப்பிட்டாலும் அந்த 328 மாறாது. குத்துச்சண்டையில் அப்படி ஓர் எடைக்கல் இல்லை. அதனால்தான் இந்தப் பேச்சு இவ்வளவு ருசிக்கிறது, பேசுங்கள்.

என்னைக் கவலைப்பட வைப்பது பேச்சின் நடுவே வரும் ஒரு வாதம்: "அலி எத்தனை அடி விழுந்தாலும் தாங்குவாரு சார்." எந்த அலி? 1966-ல் இருந்த அலியைத் தொடுவதே கஷ்டம். கால் அவ்வளவு வேகம். வியட்நாம் போருக்குப் போக மறுத்ததால் 1967 மார்ச்சுக்குப் பிறகு மூன்றரை வருடம் அவரை மேடையேற விடவில்லை. 25 வயதில் போனவர் 28 வயதில் திரும்பினார். பழைய கால் வேகம் இல்லை. அதன் பிறகுதான் அடி வாங்கி நிற்கும் அலி வந்தார். 1974 கின்ஷாசாவில் கயிற்றில் சாய்ந்து ஃபோர்மனைக் களைப்பாக்கியதும், 1975 மணிலாவில் ஃபிரேசியரோடு 14 ரவுண்டு மாற்றி மாற்றி அடித்துக்கொண்டதும் அந்த அலி. நம் பிள்ளைகள் இளமை அலியின் காலையும் பிற்கால அலியின் தாடையையும் ஒட்டி ஒரே ஆளாக்கி, அவரைப்போல் நிற்கப் பார்க்கிறார்கள். அப்படி ஓர் ஆள் என்றைக்குமே இருந்ததில்லை.

அவருடைய மருத்துவர் ஃபெர்டி பச்சேகோ ஓய்வு பெறச் சொல்லியும் அலி கேட்காததால், 1977-ல் எர்னி ஷேவர்ஸ் சண்டைக்குப் பின் பச்சேகோ அவரை விட்டு விலகிக்கொண்டார். 1980-ல் சென்னை நேரு விளையாட்டரங்கில் அலி காட்சிச் சண்டை போட்டதை இன்றும் சொல்லிச் சொல்லிப் பூரிக்கும் பெரியவர்கள் உண்டு. அதே வருடம் அக்டோபரில் லாரி ஹோம்ஸ் அவரைப் பத்து ரவுண்டு அடித்தார். அலியின் தரப்பே சண்டையை நிறுத்த வேண்டியதாயிற்று. 1984-ல், 42 வயதில், பார்க்கின்சன் என்னும் நடுக்க நோயின் அறிகுறிகள் என்று கண்டறிந்தார்கள். அடிதான் முழுக் காரணம் என்று ஒரே வரியில் அடித்துச் சொல்ல மருத்துவம் தயங்கும். தலையில் திரும்பத் திரும்ப விழும் அடி மூளையைத் தேய்க்கும் என்பதில் தயக்கமே இல்லை. அலியின் கடைசி எதிராளி டிரெவர் பெர்பிக். 1986-ல் டைசன் பட்டம் பறித்ததும் அதே பெர்பிக்கிடம்தான். அன்று மேடையருகே இருந்த அலிக்கு வயது 44.

குடியாத்தம் பக்கத்துப் பையன் ஒருவன், கல்லூரி மாணவன். தன்னைவிட எடை கூடிய ஒருவனோடு ஸ்பாரிங் (பயிற்சிச் சண்டை) செய்து, காதோரம் அடி வாங்கியிருக்கிறான். விழவில்லை. இரண்டு நாள் கழித்து அப்பாவோடு வந்தான். டியூப்லைட்டைப் பார்த்ததும் கண்ணைச் சுருக்கினான். மாதங்களைப் பின்னாலிருந்து சொல்லச் சொன்னேன். டிசம்பர், நவம்பர் சொன்னவன் அக்டோபரைத் தாண்டி ஆகஸ்டுக்குப் போய்விட்டான். அப்பா நீட்டிய உறையில் ஸ்கேன். "ஒண்ணும் இல்லன்னுட்டாங்களே சார், சாயங்காலம் கோச் வரச் சொல்லியிருக்காரு" என்றார்.

சிடி ஸ்கேன் ரத்தக்கசிவையும் எலும்பு முறிவையும் காட்டும். மூளை குலுங்கிய அதிர்ச்சி அதில் பெரும்பாலும் தெரியாது. அறிகுறிகளை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அது ஆறுவதற்குள் இன்னோர் அடி விழுந்தால், முதல் அடி செய்யாததை இரண்டாவது அடி செய்துவிடும். இளம் வயதினருக்கு அப்போது மூளை வீங்கி உயிரே போகலாம்.

ஹெட்கார்டு (தலைக்கவசம்) போட்டால் போதும் என்று நம்பாதீர்கள். அது வெட்டுக்காயத்தைக் குறைக்கும். மண்டைக்குள் மூளை ஆடுவதை நிறுத்தாது. 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஆண்கள் அது இல்லாமலேதான் ஆடினார்கள். தலையில் அடிபட்டு நாக்அவுட் ஆனவர் குறைந்தது 30 நாள் மேடையேறக் கூடாது என்பது அமெச்சூர் விதி. நினைவு தப்பியிருந்தால் இன்னும் நீளும். நம் ஊர் ஸ்பாரிங்குக்கு நடுவரும் இல்லை, மருத்துவரும் இல்லை. அதனால் அந்த விதியைக் கோச்சும் வீட்டாரும்தான் பிடித்து நிற்க வேண்டும். அடி விழுந்த அன்று கிளவுஸைக் கழற்றிவிட வேண்டும். தலைவலி, தூக்கக் குழப்பம், எரிச்சல், மறதி எல்லாம் அடங்கி, நடை, ஓட்டம், பை அடிப்பது என்று ஒவ்வொன்றாக ஏறி, மருத்துவர் சரி என்ற பிறகுதான் ஸ்பாரிங்.

திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, எழுப்பினால் எழாத மயக்கம், வலிப்பு, ஒரு கண்ணின் பாப்பா பெரிதாவது, கை கால் மரத்துப்போவது, காதிலோ மூக்கிலோ தண்ணீர் போல் வடிவது: இதில் ஒன்று இருந்தாலும் காலை வரை பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். வண்டியில் ஏற்றும்போது, எப்போது அடிபட்டது, அதற்கு முன் அந்த மாதத்தில் வேறு அடி விழுந்ததா என்று கூட இருந்த பையன்களிடம் கேட்டுக்கொண்டு வாருங்கள். நாங்கள் முதலில் கேட்பது அதைத்தான்.