பொன்னொளி ஏடும் விளக்க ஓவியமும்

இன்றைய பைபிளைப் புரட்டினால் எழுத்து மட்டும்தான். கடைசியில் இரண்டு மூன்று நிலப்படங்கள் இருக்கலாம். இடைக்காலத்தில் பக்கத்துக்குப் பக்கம் பொன்னும் வண்ணமுமாக மின்னிய நூலுக்கு ஏன் இந்த நிலை? இதற்கான விடையில் பாதி, ‘இல்லுமினேஷன்’, ‘இல்லஸ்ட்ரேஷன்’ என்ற இரு சொற்களிலேயே இருக்கிறது.

இரண்டும் இலத்தீன் வழி வந்தவை. ‘லூமென்’ என்றால் ஒளி. அதிலிருந்து ‘இல்லூமினாரே’, ஒளியேற்று. ‘இல்லுஸ்த்ராரே’ என்பதற்கும் ஏறக்குறைய அதே பொருள்தான்: வெளிச்சம் போட்டுக் காட்டு. ஆனால் இரண்டும் தனித்தனி வழியில் போயின. இல்லுமினேஷன் கண்ணுக்கான ஒளி. தோலில் எழுதிய ஏட்டில் தங்கத் தகடு ஒட்டி, வண்ணம் தீட்டி, முதலெழுத்தைப் பெரிதாக்கி அலங்கரிப்பது. கறாராகச் சொன்னால் பொன்னோ வெள்ளியோ இருந்தால்தான் அந்தப் பெயர் பொருந்தும். ஆனால் 800ஆம் ஆண்டு வாக்கில் உருவான ‘கெல்ஸ் நூல்’ என்ற புகழ்பெற்ற நற்செய்தி ஏட்டில் தங்கமே கிடையாது. பொன் போலத் தெரிவது அரிதாரம் என்ற மஞ்சள் கனிம வண்ணம். அதையும் இந்த வகையில்தான் சேர்க்கிறார்கள்.

இல்லஸ்ட்ரேஷன் அறிவுக்கான ஒளி. நெடுங்காலம் அதற்கு ‘விளக்கம்’ என்றே பொருள். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் அது படத்தைக் குறிக்கலாயிற்று.

தமிழில் இந்த இரண்டு பொருளும் ஒரே வேரில் அமைந்திருப்பது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. விளங்கு என்றால் ஒளிர். புரி என்றும் பொருள். ஏற்றுவதும் விளக்கு, பாத்திரத்தைப் பளபளப்பாக்குவதும் விளக்குதல், பாடத்தைப் புரிய வைப்பதும் விளக்குதல்.

பைபிளிலிருந்து படம் வெளியேறிய காரணமும் இங்கேதான் இருக்கிறது. படம் என்பது ஒரு விளக்கம். விளக்கம் சொல்பவர் ஒரு பக்கம் சாய்ந்தே தீர வேண்டும். ஏதேன் தோட்டத்தில் ஆதாமும் ஏவாளும் தின்றது என்ன கனி என்று பைபிளின் முதல் நூலான ஆதியாகமம் சொல்லவில்லை. ஓவியர் ஏதோ ஒன்றை வரைந்தாக வேண்டும், ஆப்பிளை வரைந்தார். போப்பாண்டவரை எதிர்த்த சீர்திருத்தவாதி லூத்தர் 1522 செப்டம்பரில் வெளியிட்ட ஜெர்மன் புதிய ஏற்பாட்டில், ஓவியர் லூக்காஸ் கிரானாக்கின் பட்டறையில் உருவான மரக்கட்டை அச்சுப் படங்கள் அதன் கடைசி நூலான வெளிப்படுத்தின விசேஷத்துக்கு மட்டும் இடம்பெற்றன. அந்த நூலில் தீமையின் உருவமாக வரும் பாபிலோன் மகாவேசியின் தலையில் இருந்தது போப்பாண்டவரின் மூன்றடுக்கு முடி! எதிர்ப்பு கிளம்பியது. டிசம்பரில் வந்த மறுபதிப்பில் மேலடுக்குகளைச் செதுக்கி எடுத்துவிட்டார்கள். மூலத்தில் ஓரெழுத்தும் மாறாமல், ஒரு கிரீடத்தால் வேதமே கட்சி பேசியது.

சீர்திருத்தச் சபைகளில் பலவும், குறிப்பாக இன்னொரு சீர்திருத்தவாதியான கால்வின் வழிவந்தவை, விக்கிரகம் செய்யாதே என்ற கட்டளையைக் கண்டிப்பாக எடுத்துக்கொண்டன. 1804இல் தொடங்கிய பிரிட்டிஷ் மற்றும் வெளிநாட்டு வேதாகமச் சங்கம், குறிப்போ விளக்கவுரையோ இல்லாமல் மூலத்தை மட்டும் அச்சிடுவது என்று விதி வைத்தது. பல சபைகள் சேர்ந்து நடத்திய சங்கம் அது. விளக்கம் நுழைந்தால் சண்டையும் நுழையும். அந்தக் கண்ணோட்டத்தில் படத்துக்கு எங்கே இடம்?

தாள் இன்னொரு காரணம். ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்களை ஒரே கட்டில் அடக்க மெல்லிய தாள் வேண்டும். அதில் அடர்ந்த மை போட்டால் மறுபக்கம் தெரியும். இதைச் சமாளித்தவர் ஓவியர் ஆனி வாலோட்டன். 1976இல் முழுமையாக வெளிவந்த ‘குட் நியூஸ் பைபிள்’ என்ற எளிய ஆங்கில மொழிபெயர்ப்பில் அவருடைய படங்கள் வெறும் கோடுகள்தாம். முகங்களில் பெரும்பாலும் கண் மூக்குகூட இல்லை, ஆனாலும் துயரமும் மகிழ்ச்சியும் உடல் வளைவிலேயே தெரிந்துவிடும். எந்த நாட்டு முகத்தையும் திணிக்காத படங்கள். என் பார்வையில் அதுவே அவற்றின் உயர்வு.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? இல்லஸ்ட்ரேஷனுக்கு ‘விளக்கப்படம்’ பொருத்தமான சொல்தான். ஆனால் பள்ளிக் கணக்கில் வட்ட விளக்கப்படம் என்று அது வேறு வேலைக்குப் போய்விட்டது. ஆகவே ‘விளக்க ஓவியம்’ என்பதே குழப்பமற்றது. இல்லுமினேஷனுக்கு ‘ஒளியோவியம்’ என்றால் திரைப்பட ஒளிப்பதிவு நினைவுக்கு வரும். ‘பொன்னொளி ஓவியம்’ என்றும், அந்த அலங்காரம் கொண்ட நூலைப் ‘பொன்னொளி ஏடு’ என்றும் சொல்லலாம்.

இரண்டையும் கலக்கக் கூடாது. 1840களில் அமெரிக்காவில் ஹார்ப்பர் நிறுவனம் சுமார் 1,600 செதுக்குப் படங்களோடு வெளியிட்ட பைபிளின் பெயரில் ‘இல்லுமினேட்டெட்’ இருக்கிறது, உள்ளே இருப்பவை பெரும்பாலும் விளக்க ஓவியங்களே. அமெரிக்காவின் செயின்ட் ஜான்ஸ் மடத்துக்காக எழுத்தோவியர் டொனால்ட் ஜாக்சன் குழுவினர் 2011இல் முடித்த பைபிளோ, கன்றுத் தோலில் இறகுப் பேனாவால் எழுதி, தங்கத் தகடு ஒட்டியது. பொன்னொளி ஏடு என்ற சொல் அதற்குத் தயக்கமின்றிப் பொருந்தும்.