ஓப்பராவின் நடுவே ஆடுபவர்களின் கால்கள்

மேலைநாட்டு இசைநாடகமான ஓப்பரா என்றால் பாட்டு என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். அதன் நடுவே பதினைந்து இருபது நிமிடம் வந்துபோகும் பாலே நடனம், ஆடுகிறவர்களின் உடலை எவ்வளவு வருத்துகிறது என்பதை அதே தயாரிப்பில் வேலை செய்பவர்களில் பலரும் அறியாதிருப்பதை, ஓப்பராக்களுக்கு நடனம் அமைத்துவரும் நான் தொடர்ந்து பார்த்துவருகிறேன்.

இந்தப் போக்குக்கு ஒரு பழைய காரணம் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் பாரிஸ் ஓப்பரா என்ற அரங்கில் ஒரு பெரிய படைப்பு அரங்கேற வேண்டுமென்றால் அதில் பாலே இருந்தாக வேண்டும். 1859இல் வேறோர் அரங்கில் வெளிவந்த பிரெஞ்சு இசையமைப்பாளர் கூனோவின் 'ஃபாவுஸ்ட்' ஓப்பரா, பத்து ஆண்டுகள் கழித்து அங்கே வந்தபோது அதற்கெனத் தனியாக பாலே இசை எழுதிச் சேர்க்கப்பட்டது. 1861இல் ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னர், அதே அரங்கில் தம் 'டான்ஹாய்ஸர்' ஓப்பராவில் நடனத்தை வழக்கம்போல் இரண்டாம் அங்கத்தில் வைக்காமல் தொடக்கத்திலேயே வைத்தார். அரங்கில் எழுந்த எதிர்ப்புக் கூச்சலால், மூன்றே முறை மேடையேறிய நிலையில் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். இப்படி இடையில் செருகப்படும் பொருளாகவே வளர்ந்ததால், இன்றும் மேடை பாடகர்களுக்காகத் திட்டமிடப்படுகிறது. நடனக் கலைஞர்கள் கடைசியில்தான் நினைவுக்கு வருகிறார்கள்.

பின்பக்கம் உயர்ந்து முன்பக்கம் தாழும் சரிவு மேடையையே எடுத்துக்கொள்ளுங்கள். பின்வரிசையில் நிற்கும் பாடற்குழுவின் முகங்கள் அரங்குக்குத் தெரிய அது உதவும். ஆனால் நுனிக்காலில் சுழல்பவருக்கு உடலின் அச்சே மாறிவிடுகிறது. முன்னோக்கிச் சாயாமலிருக்க இடுப்பும் கெண்டைக்காலும் இடைவிடாமல் இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தயாரிப்பில், சமதரை ஒத்திகை அறையில் ஐந்து வாரம் பழகிய இரட்டைச் சுழற்சியைச் சரிவு மேடையில் முதல்முறை ஆடிய பெண், முடிக்கும் நொடியில் முன்னே தடுமாறிக் கணுக்காலை முறித்துக்கொண்டார். எழுந்து நின்று, "ஒன்றுமில்லை, மறுபடி ஆடுகிறேன்" என்றார். அதற்குள் கணுக்கால் காலணியின் நாடாவைப் பிதுக்கிக்கொண்டு வீங்கத் தொடங்கியிருந்தது. மேடையின் மாதிரி முதல் நாளே எனக்குக் காட்டப்பட்டிருந்தும், சரிவு எத்தனை சதவீதம் என்று நான் கேட்கவில்லை. இப்போது ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் அதைக் கேட்கிறேன். அதே சரிவில் ஒரு பலகைத் தளத்தை ஒத்திகை அறையில் அமைத்துத் தரவும் சொல்கிறேன். பலகையின் அடியில் இருப்பது இரும்புச் சட்டமா, கொஞ்சமாவது நெகிழும் மரமா என்பதும் முக்கியம். நெகிழாத தளத்தில் நாள்தோறும் குதித்தால் முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பு தாங்காது.

"ஒன்றுமில்லை" என்ற அந்தச் சொல்லை நம்பி முடிவெடுக்கக் கூடாது. பிரெஞ்சு பாலே நடனக் கலைஞர் எம்மா லிவ்ரியின் கதை எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருகிறது. 1862 நவம்பரில், பேச முடியாத மீனவப் பெண்ணை மையமாகக் கொண்ட, இசையமைப்பாளர் ஓபேரின் ஓப்பரா ஒன்றின் ஒத்திகையில், வாயு விளக்கின் சுடர் பட்டு அவருடைய மெல்லிய பாவாடை தீப்பற்றியது. எட்டு மாதம் வேதனைப்பட்டு, 21 வயது நிறையுமுன் இறந்தார். தீப்பிடிக்காதபடி பதப்படுத்திய துணி அப்போதே இருந்தது. அது விறைப்பாகவும் மங்கலாகவும் இருந்ததால் அவர் அணிய மறுத்திருந்தார். ஆடுகிறவர் அழகையே தேர்வு செய்வார் என்பது தெரிந்திருக்க வேண்டியவர்கள், அந்த முடிவை அவரிடமே விட்டுவிட்டார்கள்.

மூன்றாம் அங்கத்தில் பாலே வரும் ஓப்பராக்களில், உடையணிந்த கலைஞர்கள் குளிர்ந்த நடைவழியில் இரண்டு மணி நேரம் காத்திருப்பதுண்டு. தசை ஆறிப்போன பிறகு நேரே மேடையேறினால் காயம் நிச்சயம் என்றே வைத்துக்கொள்ளலாம். ஆகவே பிடித்துக்கொண்டு உடலைத் தயார்செய்யும் கம்பியோடு கூடிய சூடான அறை ஒன்றும், மேடையேறுவதற்கு முன்னதாக அரைமணி நேரமும் கண்டிப்பாக வேண்டும் என்கிறேன்.

நான் மிகவும் போராடிப் பெறுவது இசைநடத்துநரின் ஒரு மாலைப்பொழுதைத்தான். நாங்கள் பியானோவில் பழகும் தாளகதி வேறு, இசைக்குழு மேடைக்கு வந்தபின் அமையும் கதி வேறு. பாடகர் மூச்சைக் கொஞ்சம் நீட்டிக்கொள்ளலாம். குதித்தவர் காற்றில் கூடுதலாக ஒரு கணம் நிற்க முடியாது. அண்மையில் ஒரு நடத்துநர் ஒத்திகை அறைக்கு வந்து, நாற்காலியை ஆடுபவர்களின் வரிசைக்கு நேரெதிரே போட்டு, அதே தாவலை ஏழெட்டு முறை பார்த்தார். பிறகு தம் இசைக்குறிப்பேட்டில் பென்சிலால் ஒரு சிறு கோடு போட்டார். பாதம் தரையைத் தொடும் இடம் அது.