கோதுமையை விட்ட பிறகும் வயிறு ஏன் உப்புகிறது?

குழித்துறையிலிருந்து ஓர் அம்மா கேட்டிருக்கிறார். பஞ்சாபில் வேலை பார்த்த மகனுக்கு அங்கேயே சீலியாக் நோய் என்று கண்டுபிடித்தார்களாம். கோதுமை, பார்லி போன்றவற்றில் உள்ள குளூட்டன் என்ற புரதத்தால் சிறுகுடல் கெடும் நோய் அது. ஊருக்கு வந்த பிறகு வீட்டில் கோதுமை, மைதா, ரவை எதுவும் கிடையாது. காலையில் அரிசிப் புட்டு, மத்தியானம் சோறு, சாயங்காலம் மரச்சீனிக் கிழங்கு (மரவள்ளி). பேதி நின்றது, உடம்பும் தேறியது. இப்போது சில வாரங்களாகச் சாப்பிட்ட கொஞ்ச நேரத்திலேயே வயிறு உப்பி, கடமுடவென்று இரைச்சல், சில நாள் மறுபடியும் பேதி. "எங்கேயாவது கோதுமை கலந்துட்டுதா, இல்ல இது வேற நோயா? பக்கத்து வீட்டுல தொக்கம் எடுக்கச் சொல்லுதாவ" என்று எழுதியிருக்கிறார்.

தொக்கத்தை முதலில் முடித்துவிடலாம். வயிற்றைத் தடவி, ஊதி, உள்ளே சிக்கியிருந்ததாக ஒரு சோற்றுக் கட்டியைக் காட்டுவார்கள். சாப்பாடு இரைப்பையில் தங்குவது சில மணி நேரம்தான். அந்தக் கட்டி எங்கிருந்து வந்தது என்று தெரிய வேண்டுமானால், எடுப்பவரின் வாயையும் கையையும் முன்கூட்டியே சோதித்துப் பார்க்க வேண்டும்.

திருட்டுக் கோதுமை என்ற சந்தேகம் நியாயமானது. நம் அடுக்களையில் அதற்குப் பெரிய ஒளிவிடம் பெருங்காயம். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவோ மைதாவோ சேர்ப்பது வழக்கம். சாம்பாரிலும் ரசத்திலும் சிட்டிகை சிட்டிகையாகப் போகிறது. முந்திரிக்கொத்தைச் சில வீடுகளில் மைதாக் கரைசலில் முக்கிப் பொரிப்பார்கள். அதே எண்ணெயில் அடுத்து அச்சு முறுக்கு. மால்ட் கலந்த பானங்களில் பார்லி இருக்கும், பார்லியும் ஆகாது. தினம் 50 மில்லிகிராம் குளூட்டன் மூன்று மாதம் உள்ளே போனாலே குடலில் மாற்றம் தெரியும் என்று ஆய்வில் காட்டியிருக்கிறார்கள். அது ஒரு ரொட்டித் துணுக்கு அளவுதான். சீலியாக்கில் ரத்தத்தில் கூடும் டிஷ்யூ டிரான்ஸ்குளூட்டமினேஸ் எதிர்ப்பொருளுக்கான பரிசோதனையை ஒருமுறை செய்து பார்க்கச் சொல்லுங்கள். பழைய அளவிலிருந்து ஏறியிருந்தால் குளூட்டன் எங்கேயோ நுழைகிறது. இறங்கியிருந்தால் சந்தேகம் குறையும், முழுக்கப் போய்விடாது.

ஆனால் கடிதத்தில் என் கண்ணில் பட்டது வேறு ஒரு வரி. மெலிந்துபோன பிள்ளையாயிற்றே என்று சமீபமாகக் காலையிலும் ராத்திரியிலும் பெரிய டம்ளர் நிறையப் பால் கொடுக்கிறாராம்.

சிறுகுடலின் உள்சுவர் முழுக்க விரல் போன்ற குடலுறிஞ்சிகள் நிற்கின்றன என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான உயரம். பாடப்புத்தகத்தில் அவை அசையாமல் நிற்கும். உண்மையில் அங்கே ஓர் ஊர்வலம் ஓயாமல் நடக்கிறது. உறிஞ்சிகளின் அடியில் உள்ள குழிகளில் புதுச் செல்கள் பிறந்து, பக்கவாட்டில் மெல்ல மேலேறி, நுனியை அடைந்ததும் உதிர்ந்துவிடுகின்றன. பிறப்பிலிருந்து உதிர்வுவரை மூன்று முதல் ஐந்து நாள்தான். ஏறும் வழியில்தான் செல் முதிர்கிறது. பால் சர்க்கரையான லாக்டோஸை வெட்டும் லாக்டேஸ் நொதியைக் குழியில் இருக்கும் இளஞ்செல் தயாரிப்பதில்லை. பாதி உயரம் ஏறி முதிர்ந்த செல்தான் அதைத் தன் மேற்பரப்பில் நிறுத்துகிறது.

சீலியாக்கில் நோய் எதிர்ப்புப் படை இந்த மேற்பரப்புச் செல்களைத்தான் கொல்கிறது. இழப்பை ஈடுகட்டக் குழிகள் உற்பத்தியைக் கூட்டி ஆழமாகின்றன. ஆனாலும் வருகிற செல்கள் முதிரும் முன்னே செத்துவிழ, உறிஞ்சிகள் குட்டையாகிக் கடைசியில் தட்டையாகின்றன. தென்னந்தோப்பில் மண்டைகளை எல்லாம் வெட்டிவிட்டால் தேங்காய்க்கு எங்கே போவது? செரிமான நொதிகளில் முதலில் போவதும் கடைசியில் திரும்புவதும் லாக்டேஸ்தான். கோதுமையை நிறுத்தியதும் போர் ஓய்கிறது, பேதி சில வாரங்களில் அடங்குகிறது. பெரியவர்களுக்கு உறிஞ்சிகள் பழைய உயரத்துக்கு வளர மாதங்கள் ஆகும். சிலருக்கு இரண்டு வருஷத்துக்கு மேலும் ஆகும். ஆள் தேறிவிட்டார், குடல் இன்னும் தேறவில்லை என்ற இந்த இடைவெளியில்தான் பால் டம்ளர் வருகிறது.

200 மில்லி பாலில் ஏறத்தாழ 10 கிராம் லாக்டோஸ் உண்டு. வெட்டப்படாத சர்க்கரை குடலுக்குள் தண்ணீரை இழுக்கிறது, பேதி அதனால். மிச்சம் பெருங்குடலை அடைந்ததும் அங்குள்ள பாக்டீரியாக்கள் அதை நொதிக்கவைத்து ஹைட்ரஜன், கார்பன் டை ஆக்ஸைடு, சிலருக்கு மீத்தேனும் வெளிவிடுகின்றன. மனிதச் செல் எதுவும் ஹைட்ரஜன் வாயுவைத் தயாரிப்பதில்லை. பெருங்குடலில் உண்டான ஹைட்ரஜனில் ஒரு பகுதி ரத்தத்தில் கலந்து, நுரையீரலுக்குப் போய், மூச்சில் வெளியேறுகிறது. லாக்டோஸ் கரைசலைக் குடிக்கவைத்து, நேரம் விட்டு நேரம் ஊதச் சொன்னால், கீழ்வயிற்றில் நடப்பதை வாய்க்காற்றிலேயே அளந்துவிடலாம். ஊசி இல்லை, குழாய் இல்லை. இந்தக் கருவியை ஒவ்வொரு மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் வைக்க வேண்டும் என்பேன்.

மகனுக்குப் பால் சேராததற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். தென்னிந்தியர்களில் பெரும்பாலோருக்குக் குழந்தைப் பருவம் கழிந்ததும் லாக்டேஸ் தானாகவே குறைகிறது. வடக்கே இது குறைவு. குடல் ஆறினாலும் இது மாறாது. ஆனால் பாலை நிரந்தரமாக நிறுத்த வேண்டியதில்லை. தயிரில் பாக்டீரியா கொஞ்சம் லாக்டோஸைத் தின்றுவிடுகிறது, வெட்டும் நொதியையும் கூடவே கொண்டுவருகிறது. பால் பாயாசம் சங்கடம் தரும். தேங்காய்ப்பாலும் வெல்லமும் சேர்த்த சக்கைப் பிரதமனில் (பலாப்பழப் பாயாசம்) லாக்டோஸே கிடையாது.

பாலைக் குறைத்தும் உப்பசம் அடங்காவிட்டால் அடுத்ததாக நான் சந்தேகப்படுவது உள்ளித் தீயலை, அதாவது தேங்காய் வறுத்தரைத்த சின்ன வெங்காயக் குழம்பை. சின்ன உள்ளியிலும் பூண்டிலும் ஃபிரக்டான் என்ற சர்க்கரைச் சங்கிலி நிறைய உண்டு. அதை வெட்டும் நொதி எந்த மனிதருக்கும் கிடையாது, பாக்டீரியாவுக்குத்தான் விருந்து. கோதுமையிலும் ஃபிரக்டான் இருக்கிறது. சீலியாக் இல்லாமலே குளூட்டன் ஆகாது என்று நம்பிய 59 பேரை நார்வேயில் சோதித்து 2018இல் வெளியிட்டார்கள். அவர்களுக்கு உபாதை தந்தது பெரும்பாலும் ஃபிரக்டான்தான், குளூட்டன் அல்ல. ஃபிரக்டான் தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. ஆகவே தீயலில் உள்ளியை ஒதுக்கிவிட்டுச் சாற்றை மட்டும் ஊற்றிக்கொள்வது வீண். பூண்டைத் தேங்காயெண்ணெயில் வதக்கி, பூண்டை எடுத்துவிட்டு எண்ணெயை ஊற்றினால் மணம் வரும், உப்பசம் வராது. நம் தீயல், அவியலில் வெந்தபின் எவ்வளவு ஃபிரக்டான் இருக்கிறது என்று அளக்க நம் பல்கலைக்கழகங்களுக்குப் பணம் ஒதுக்கினால் எத்தனையோ வயிறுகள் வாழ்த்தும். கோமிய ஆராய்ச்சிக்குப் பணம் கிடைக்கிற நாட்டில் இது பேராசை இல்லை.

சிறுகுடலில் பாக்டீரியா பெருகுவது, கணைய நொதிக் குறைவு, பெருங்குடலின் நுண்ணழற்சி ஆகியவையும் சீலியாக் உள்ளவர்களிடம் காணப்படுபவைதான். எடை மீண்டும் இறங்கினாலோ, மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ, தூக்கத்திலிருந்து எழுப்பும் பேதி வந்தாலோ, ரத்தசோகை தலைகாட்டினாலோ வீட்டுச் சோதனையில் நாள் கடத்தாமல் குடல்நோய் மருத்துவரைப் பாருங்கள். மற்றபடி இரண்டு வாரம் பாலை மட்டும் நிறுத்திப் பாருங்கள், அம்மா. உள்ளியையும் அதே நாளில் நிறுத்திவிடாதீர்கள். இரண்டையும் சேர்த்து நிறுத்தினால் எது காரணம் என்று தெரியாமலே போகும்.