பயணம் கிளம்பும்போது மாத்திரையை நிறுத்தாதீர்கள்

விடுமுறை முடியும் சமயத்தில் எங்கள் அவசரப் பிரிவுக்கு ஒரு மாதிரியான நோயாளிகள் வரத் தொடங்குவார்கள். பயணப் பெட்டியோடு வருவார்கள், சிலர் வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக வருவார்கள். போன வாரம் வந்த அம்மாவுக்கு அறுபது தாண்டியிருக்கும். இதயம் பலவீனமானவர், ஆனால் மருந்தில் நன்றாகவே இருந்தவர். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று இரண்டு கையையும் கட்டிலில் ஊன்றி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கணுக்காலில் விரலை வைத்து அழுத்தி எடுத்தால் குழி அப்படியே நின்றது. "மாத்திரையெல்லாம் ஒழுங்காப் போட்டாங்களா?" என்று மகளிடம் கேட்டேன்.

"எல்லாம் போட்டாங்க டாக்டர். அந்த யூரின் மாத்திரையை மட்டும்தான் நிறுத்தி வெச்சோம். வழியில பாத்ரூமுக்கு எங்க போறது?"

இந்தப் பதிலைக் கேட்காத விடுமுறைக் காலமே எனக்கு இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அந்த மகள் மேல் எனக்குக் கோபமில்லை. அவர் அம்மாவின் சங்கடத்தை நினைத்துத்தான் செய்தார். நீண்ட பயணத்தில், அதுவும் பெண்களுக்கு, கழிப்பறை எவ்வளவு பெரிய கவலை என்று தெரியும். ஆனால் இதயம் பலவீனமானவருக்கு நீர் பிரியும் மாத்திரை என்பது மற்ற மாத்திரைகளோடு சேர்த்துப் போடும் துணை மாத்திரை இல்லை. அவரை மூச்சுவிட வைப்பதே பல நேரம் அதுதான். அதை நிறுத்திவிட்டு, வெளியில் கிடைக்கும் உப்பு தூக்கலான சாப்பாட்டையும் சாப்பிட்டால், உடம்பில் நீர் தங்க நாலைந்து நாள் தாராளம்.

இதில் என்னை வருத்துவது என்னவென்றால், வழி இருந்தது. ஃபுரோசமைட் போன்ற மாத்திரை விழுங்கிய ஒரு மணி நேரத்துக்குள் வேலையைத் தொடங்கும், ஏறக்குறைய 6 மணி நேரத்தில் முடித்துவிடும். காலை 7 மணிக்குப் போடுவதைப் போய்ச் சேர்ந்த பிறகு மதியம் 2 மணிக்குப் போடலாமா என்று உங்கள் மருத்துவரைக் கேட்டால், பெரும்பாலானவர்களுக்கு 'போடலாம்' என்றுதான் பதில் வரும். நிறுத்துவது வேறு, நேரத்தை மாற்றுவது வேறு. எல்லா நீர் மாத்திரைக்கும் இது பொருந்தாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் குளோர்தாலிடோன் ஒரு நாளுக்கு மேல் உடம்பில் நிற்பது. அதை ஒரு வேளை தள்ளிப்போட்டுப் பயனே இல்லை. ஆகவே மாத்திரையின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

இதயம் பலவீனமானவர்கள், பயணம் நாலு நாளைத் தாண்டினால், தங்கும் இடத்தில் எடை பார்க்க வழி இருக்கிறதா என்று பாருங்கள். மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் அது சாப்பாட்டினால் வந்த எடை இல்லை, நீர். மூச்சு வாங்கும்வரை காத்திருக்காமல் போன் செய்யுங்கள்.

சரி, இப்போது என்னை அதிகம் எரிச்சலூட்டும் வாக்கியத்துக்கு வருகிறேன். "ரெண்டு நாள் போடலைன்னா என்ன ஆயிடப் போகுது?"

எந்த மாத்திரை என்பதைப் பொறுத்தது. தைராய்டுக்கான லெவோதைராக்சின் உடம்பில் பாதியாகக் குறையவே சுமார் ஒரு வாரம் பிடிக்கும். ஒரு நாள் விட்டுப்போனால் ஒன்றும் ஆகாது. ரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபினும் மெதுவாகத்தான் இறங்கும். ஒரு நாள் மறந்தாலும் ஓரளவு தாங்கும். இப்படிப்பட்ட ஒரு மாத்திரையை எப்போதோ விட்டுப் பார்த்து ஒன்றும் ஆகாமல் போனதால்தான், எல்லா மாத்திரையும் அப்படித்தான் என்ற நம்பிக்கை வந்துவிடுகிறது.

ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் அபிக்சபான், டாபிகாட்ரான் இரண்டும் அரை நாளில் பாதியாகிவிடும். ஒரு நாள் முழுக்க விட்டால் பாதுகாப்பு போயே போய்விட்டது. இதயத் துடிப்பைக் குறைக்கும் மெட்டோபுரோலால், புரோப்ரனலால் வகையை வருடக்கணக்கில் சாப்பிட்டுவிட்டுத் திடீரென்று நிறுத்தினால் இதயத் துடிப்பு தாறுமாறாக ஏறும். ஏற்கெனவே இதய ரத்தக்குழாயில் அடைப்பு இருப்பவருக்கு நெஞ்சுவலியே வரலாம். ரத்த அழுத்தத்துக்குக் குளோனிடின் சாப்பிடுகிறவர் சட்டென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் பழைய அளவுக்குத் திரும்புவதோடு நிற்காமல் அதையும் தாண்டி எகிறும். வலிப்பு நோய்க்கு மருந்து எடுப்பவர் ஒரு வேளை தவறவிட்டு, இரவுப் பயணத்தில் தூக்கமும் கெட்டால், வலிப்பு வருவதற்கு வேறு காரணமே வேண்டாம். இதய ரத்தக்குழாய் அடைப்பைத் திறந்து வைக்க ஸ்டென்ட் என்ற சின்னக் குழாயை வைத்தவர்கள், அதிலும் வைத்து ஒரு மாதம்கூட ஆகாதவர்கள், இரண்டு ரத்த மெலிதாக்கி மாத்திரைகளில் ஒன்றைக்கூட விட்டுவிடக் கூடாது. ஸ்டென்ட்டுக்குள் ரத்தம் உறைந்து அடைத்துக்கொண்டு வருகிறவர்களிடம் முதலில் கேட்கும் கேள்வியே 'மாத்திரையை எப்போது நிறுத்தினீர்கள்' என்பதுதான்.

"ஆனா பிபி நார்மலாத்தானே டாக்டர் இருக்கு?" ஆமாம், மாத்திரை போடுவதால் நார்மலாக இருக்கிறது. இதை எத்தனை தடவை சொன்னாலும், பயணம் என்று வந்தவுடன் மறந்துவிடுகிறது.

இன்னொன்று, பக்கத்து இருக்கைக்காரரின் மாத்திரை. "அவருக்கும் பிபிதான், அவர்கிட்ட ஒண்ணு வாங்கிப் போட்டேன்." தயவுசெய்து வேண்டாம். ஒருவருக்கு இருக்கும் மருந்து இன்னொருவரின் சிறுநீரகத்துக்கோ ஆஸ்துமாவுக்கோ ஆகாததாக இருக்கலாம்.

மாத்திரையை எடுத்துப் போகும் விதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவசரப் பிரிவில் எங்களிடம் நீட்டப்படுவது பெரும்பாலும் ஒரு சின்ன பிளாஸ்டிக் கவர். உள்ளே ஐந்தாறு தனி மாத்திரைகள், ஓரம் வெட்டிய பட்டை இரண்டு. பெயர் இருந்த பக்கம் ஏற்கெனவே கிழித்துப் போட்டாயிற்று. 'காலையில சின்ன வெள்ளை, ராத்திரி ரோஸ் கலர்' என்று விளக்கம். சின்ன வெள்ளை மாத்திரைகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. நோயாளி மயக்கமாக இருக்கும்போது, அவர் ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவரா இல்லையா என்று தெரியாமல் அடுத்த சிகிச்சையை முடிவு செய்வது எவ்வளவு கஷ்டம் என்று இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். பட்டையை வெட்டாதீர்கள், முழுதாக எடுத்துப் போங்கள். மருந்துச் சீட்டைப் போட்டோ எடுத்து உங்கள் போனிலும், கூட வருகிறவர் போனிலும் வையுங்கள். சீட்டில் கம்பெனி வைத்த பெயரோடு மருந்தின் மூலப் பெயரும் இருக்க வேண்டும். கம்பெனிப் பெயர் நாட்டுக்கு நாடு மாறும். மூலப் பெயர் இருந்தால்தான் எந்த ஊர் மருந்துக்கடையிலும் புரியும்.

விமானத்தில் போகிறவர்கள் மருந்தைக் கையில் எடுத்துப் போகும் பையில்தான் வைக்க வேண்டும். செக்-இன் பெட்டி தாமதமாக வரும், சில நேரம் வேறு ஊருக்கே போய்விடும். போகிற நாட்களுக்குச் சரியாக எண்ணி எடுக்காமல், ஒரு வாரத்துக்குக் கூடுதலாக எடுங்கள். ஒரே பையில் எல்லாவற்றையும் வைக்காமல், சில நாளுக்கானதை உடன் வருபவரிடம் கொடுத்து வையுங்கள். நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை, ஆஸ்துமா இன்ஹேலர் இரண்டும் தலைக்கு மேல் இருக்கும் பெட்டியில் இருக்கக் கூடாது. சட்டைப் பையில், கைப்பையில், எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

வெளிநாடு போகிறவர்கள் சட்டத்தையும் பாருங்கள். நமக்குச் சாதாரண வலி மாத்திரை, சளி மாத்திரை என்று தோன்றுவது அங்கே கட்டுப்படுத்தப்பட்ட மருந்தாக இருக்கலாம். டிராமடால், கோடீன் கலந்த மருந்துகளை ஐக்கிய அரபு அமீரகத்துக்குக் கொண்டுபோக முன்னனுமதி வேண்டும். 10 சதவீதத்துக்கு மேல் சூடோஎபெட்ரின் உள்ள சளி மருந்துக்கு ஜப்பானில் தடை. மருத்துவர் சீட்டு கையில் இருந்தாலே போதும் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தந்த நாட்டுத் தூதரகத் தளத்தில் முன்பே பார்த்துவிடுங்கள்.

இன்சுலின் தனிக் கதை. வெயிலில் நிறுத்திய காருக்குள் வெப்பம் 50 டிகிரியைத் தாண்டிவிடும். அதில் கிடந்த இன்சுலின் பார்க்க அப்படியேதான் இருக்கும், வேலை செய்யாது. இதற்குப் பயந்து ஐஸ் பேக்கோடு ஒட்டி வைத்துவிடுகிறார்கள். அது இன்னும் மோசம். ஒருமுறை உறைந்த இன்சுலின், உருகிப் பழையபடி ஆனாலும் வீண்தான், தூக்கிப் போட வேண்டியதுதான். ஐஸுக்கும் இன்சுலினுக்கும் நடுவில் துணி இருக்கட்டும். திறக்காததை 2 முதல் 8 டிகிரியில் வைக்க வேண்டும். பயன்பாட்டில் இருப்பது 30 டிகிரிக்குக் கீழே இருந்தால் பொதுவாக நான்கு வாரம் தாங்கும், அட்டையில் போட்டிருக்கும் கணக்கையும் பாருங்கள். கிழக்கு நோக்கிப் பறந்தால் அன்றைய நாள் சுருங்கும், மேற்கு நோக்கிப் பறந்தால் நீளும். ஊசியின் அளவும் நேரமும் அதற்கேற்ப மாற வேண்டியிருக்கும். இதை நீங்களாகக் கணக்குப் போடாதீர்கள். விமான நேரத்தை எழுதிக்கொண்டு வந்து கேளுங்கள்.

உட்கார்ந்தே போவது பற்றியும் ஒரு வார்த்தை. 4 மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்தால் கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறையும் வாய்ப்பு சுமார் இரண்டு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007-இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. விமானம் மட்டுமில்லை, பஸ், ரயில், கார் எல்லாமே கணக்கில் வரும். ஆரோக்கியமானவருக்கு இந்த ஆபத்து ஏறக்குறைய 6000-இல் ஒன்று, அதனால் எல்லோரும் பயப்பட வேண்டாம். சமீபத்தில் அறுவை சிகிச்சை செய்தவர், கர்ப்பிணி, புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர், ஏற்கெனவே ஒருமுறை ரத்தம் உறைந்தவர், இவர்கள்தான் முன்கூட்டியே கேட்க வேண்டியவர்கள். இதற்கென்று நீங்களாக ஆஸ்பிரின் வாங்கிப் போடுவது வழி இல்லை. அவ்வப்போது எழுந்து நடங்கள், முடியாவிட்டால் உட்கார்ந்தபடி குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குங்கள். பயணம் முடிந்து இரண்டு காலும் லேசாக வீங்கியிருந்தால், வேறு நோய் இல்லாதவருக்கு ஓரிரு நாளில் வடிந்துவிடும். ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்கால் வலித்தால் அன்றைக்கே காட்டுங்கள். அந்தக் காலை அழுத்தி நீவி விடாதீர்கள். உறைந்த ரத்தக் கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து.

இவ்வளவு நேரம் நிறுத்தாதீர்கள் என்று சொன்னவன், நிறுத்த வேண்டியிருக்கும் ஒரு சந்தர்ப்பத்தையும் சொல்ல வேண்டும். பயணத்தில் வயிற்றுப்போக்கு, வாந்தி வந்து உடம்பு வற்றிப்போகும்போது சில மருந்துகளே சிறுநீரகத்துக்கோ உடம்புக்கோ பாரமாகும். நீர் மாத்திரை, டெல்மிசார்டான், ராமிப்ரில் வகை ரத்த அழுத்த மாத்திரைகள், சர்க்கரைக்கான மெட்ஃபார்மின், டாபாக்ளிஃப்ளோசின் வகை, டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் இந்தப் பட்டியலில் வரும். டாபாக்ளிஃப்ளோசின் எடுப்பவர் சாப்பிடவே முடியாமல் இருந்தால், சர்க்கரை அளவு சாதாரணமாக இருக்கும்போதே ரத்தத்தில் அமிலம் ஏறலாம். இன்சுலின் மட்டும் நேர்மாறு. சாப்பாடு இறங்கவில்லை என்பதற்காக அதை முழுதாக நிறுத்திவிடக் கூடாது, முதல் வகை நீரிழிவுக்காரர்கள் ஒருபோதும் கூடாது. உப்புச் சர்க்கரைக் கரைசல் பாக்கெட் நாலைந்து பையில் இருக்கட்டும். எதை நிறுத்தலாம், எத்தனை நாள், எப்போது திரும்பத் தொடங்கலாம் என்பதைக் கிளம்பும் முன்பே உங்கள் மருத்துவரிடம் கேட்டுச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் கேட்க ஐந்து நிமிடம் போதும். ஆனால் கிளம்புவதற்கு முந்தின நாள் ராத்திரி பத்து மணிக்குப் போன் செய்து 'அப்பாவுக்கு மாத்திரை தீர்ந்துபோச்சு, விடியக்காலை ஃபிளைட்' என்று சொன்னால் எங்களால் அதிகம் செய்ய முடியாது. டிக்கெட் போட்டதும் ஒரு தேதி வாங்கிக்கொண்டு வாருங்கள். பெரியவர்களை அழைத்துப் போகும் பிள்ளைகள் கூடவே வாருங்கள். உங்களுக்குச் சங்கடமாக இருந்தாலும், கழிப்பறைப் பிரச்சினையை எங்களிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். அதற்குத் தகுந்த மாதிரி மருந்தின் நேரத்தை மாற்றித் தருவதும் எங்கள் வேலைதான்.